செவ்வந்தி வீட்டுச் சீம்பால்

“ஊருக்கே பால் ஊத்துறேன், எம்புள்ள வாயில ஒரு சொட்டு விட முடியல.”

செவ்வந்தி இதைச் சொல்லாம ஒரு நாள்கூட பால் கேனை வண்டியில ஏத்தினதில்ல. மாட்டுகிட்ட சொல்லுவா, கேன் கட்டுற கயித்துகிட்ட சொல்லுவா, பல்லு வெளக்கிட்டு நிக்கிற எங்கிட்டயும் சொல்லுவா. ஆரம்பத்துல எனக்குப் பாவமா இருந்துச்சு. தினம் கேட்டா பாவமும் பழசாயிடும். “சொல்லியாச்சுல்ல, கெளம்பு. பால் திரிஞ்சிடப் போவுது”ன்னு வெரட்டி விடுவேன்.

அவ எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி இனியவனுக்கு வாக்கப்பட்டு வந்தவ. எங்களுக்கு ஒரே கொல்லை, ரெண்டு அடுப்பு. ஓரகத்தியைப் பத்தி நல்லதா எழுதுற பொம்பளைய நீங்க அதிகம் பாத்திருக்க மாட்டீங்க. நானும் வேலை இல்லாம எழுதல. அவ செஞ்ச காரியம் அப்படி.

எங்க மாமனார் காலம் வரைக்கும் எங்க ஆளுங்க அடுத்தவங்க வயல்லதான் நட்டாங்க, அறுத்தாங்க. செவ்வந்தியும் வந்த புதுசுல நடவுக்குப் போனவதான். ஒரு ஐப்பசி மழையில நாள் பூரா நனைஞ்சுட்டு வந்து, கால் சேத்தைக்கூட கழுவாம, “அக்கா, இனிமே நான் அடுத்தவங்க வயல்ல எறங்க மாட்டேன்”னா.

“பின்ன எங்க நடுவ, ஆகாசத்துலயா?”ன்னு கேட்டேன்.

மறு வாரம் அவ காதுல தோடு இல்ல, கொல்லையில ஒரு கெடேரிக் கன்னு நின்னுச்சு. அந்தக் கன்னு வளந்து, ஈன்று, அதோட கன்னும் ஈன்று, இன்னிக்கு நாலு மாடு நிக்குது. வடமடையூர்ல பாதி வீட்டு டீ அவ பாலுதான். தண்ணி ஊத்த மாட்டா. ஊத்தினா நான்தான் மொதல்ல காட்டிக் குடுத்திருப்பேன்.

இப்ப புள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன்.

மூத்தவ அறிவுமதி பொறந்தப்ப செவ்வந்திக்கு அம்மா உசுரோட இல்ல. பிரசவம் பாக்குற பொறுப்பை எங்க நாத்தனார் எழில்மொழி எடுத்துக்கிட்டாங்க. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கெல்லாம் மூத்தவங்க, நாங்க அண்ணின்னு கூப்புடுவோம். வாக்கப்பட்டது அடுத்த தெருவுல, குடியிருக்கிறது எங்க வீட்டு விஷயத்துல. மனசு நல்ல மனசுதான். ஆனா எந்தக் காரியத்துலயும் அவங்க கைதான் மேல இருக்கணும்.

ஆபரேஷன் பண்ணிதான் புள்ளைய எடுத்தாங்க. செவ்வந்தி அரை மயக்கத்துல கெடக்குறா. நர்சம்மா வந்து, “மொதப் பாலை வீணாக்காதீங்க, புள்ளைய மாருல போடுங்க”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க தலை மறைஞ்சதும் அண்ணி பஞ்சை எடுத்தாங்க. மஞ்சளா, கெட்டியா வந்த பாலை ஒத்தி ஒத்தி எடுத்துக் குப்பையில போட்டாங்க. “இது கெட்டுப்போன பாலு. மாசக்கணக்கா உள்ள தங்கினது. குடிச்சா மாந்தம் வரும்”னாங்க. சக்கரத் தண்ணிய வெரல்ல தொட்டுப் புள்ள நாக்குல வச்சாங்க. இதுக்குப் பேரு சேனை. யாரு சேனை வைக்கிறாங்களோ அவங்க கொணம் புள்ளைக்கு வரும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல அது அத்தைக்கு உள்ள உரிமை. அப்புறம் ஃபிளாஸ்க்லேருந்து பசும்பாலை எடுத்து, தண்ணி கலந்து, சங்குல ஊட்டுனாங்க. செவ்வந்தி மாட்டுப் பாலுதான். அங்க நின்ன யாருக்கும் அது தப்பாவே படல. எங்க எல்லாருக்கும் அப்படித்தான் நடந்துச்சு.

தாய்ப்பால் நல்லா ஊற ஆரம்பிச்சதும் சங்கு மூலைக்குப் போயிருச்சு. புள்ளையும் கொழுகொழுன்னு வளந்துச்சு. குப்புற விழுந்து நகர்ற பருவத்துல, “புள்ள கைய சப்புது, உன் பால் பத்தல”ன்னு அண்ணி மறுபடி சங்கை எடுத்தாங்க. ரெண்டு மொடக்கு உள்ள போயிருக்கும். உதடு வீங்குச்சு. கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழும்பி, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. இனியவன் புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறுனான். செவ்வந்தி செருப்புகூட போடாம ஓடினா. திருத்துறைப்பூண்டியில ஊசி போட்டு மூச்சை நேராக்கினாங்க. அப்புறம் தஞ்சாவூர்ல பெரிய டாக்டரைப் பாக்கச் சொல்லி அனுப்பினாங்க.

தஞ்சாவூர்ல பாத்தது ஃபிளோரா டாக்டர். குழந்தைங்களுக்குன்னே உள்ளவங்க. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, “இந்தப் புள்ளைக்கு மாட்டுப் பால் அலர்ஜிம்மா. பால், தயிர், மோர், நெய், பால் சேத்த பிஸ்கட்டு எதுவும் இப்போதைக்குக் கூடாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்க”ன்னாங்க.

“நான் டீ குடிக்கிறேன், தயிர் சாப்புடுறேன், டாக்டரம்மா. என் பால்தானே இது இத்தனை நாளா குடிச்சுச்சு?”ன்னு செவ்வந்தி கேட்டா.

“உங்க பால் குடிச்சப்ப ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரல.”

“அப்ப நீங்க சாப்பிடுறதைச் சாப்பிடுங்க. பட்டினி கெடக்காதீங்க.”

ஊர்ல வேற மாதிரி தீர்ப்பு சொன்னாங்க. தாயோட பால்லயே விஷம்னு ஒருத்தி. பால்ல தண்ணி ஊத்துன பாவம் புள்ளைய அடிக்குதுன்னு இன்னொருத்தி. ரெண்டாவதா சொன்னவ வீட்டு வாசல்ல செவ்வந்தி வண்டியை நிறுத்தி, “நான் தண்ணி ஊத்துனேன்னா உங்க வீட்டு டீ எப்படி அவ்வளவு கெட்டியா இருக்கு? நாளையிலேருந்து வேற எடத்துல வாங்கிக்குங்க”ன்னு சொல்லிட்டு வந்துட்டா. மூணாம் நாள் அவங்களே சொம்பைத் தூக்கிட்டு வந்தாங்க.

வாய் பேசினாலும் உள்ளுக்குள்ள அவளுக்கு ஆறல. மாடு வளக்குற வீட்டுல பால் ஆகாத புள்ளைய வளக்குறது நெருப்பை மடியில கட்டிக்கிட்டு வைக்கோல் போர்ல ஏறுற மாதிரி. தவழ்ற புள்ள எந்தப் பாத்திரத்தை நக்கும்னு யாரு கண்டா? ஒருநாள் கறந்துட்டு வந்த ஈரக்கையால தொட்டதுக்கே புள்ள கன்னம் தடிச்சுப்போச்சு. அன்னையிலேருந்து செவ்வந்தி கறக்குறதுக்குன்னு தனிச் சேலை, மாட்டுக்கொட்டகையிலயே தனி சோப்பு. கழுவாம வாசப்படி தாண்ட மாட்டா. என் வீட்டுக்காரரைக்கூட டீ டம்ளரோட உள்ள விட மாட்டா.

ரெண்டாவது உண்டானப்பதான் பிரச்சினை மேல வந்துச்சு. இனியவன் அதிகம் பேச மாட்டான். அன்னிக்கு சாப்பிட்ட கைய கழுவாமலே சொன்னான்: “இதுக்கும் அப்படி வந்துச்சுன்னா மாட்டை எல்லாம் வித்துறலாம். ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு பாலுக்கு காவல் இருக்க நம்மளால முடியாது.”

அவன் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா மாடு போச்சுன்னா செவ்வந்திக்கு மறுபடி நடவுதான். வயித்துல இருக்குற புள்ளைக்குப் பால் ஒத்துக்குமா ஒத்துக்காதாங்குறதுலதான் எல்லாம் தொங்குச்சு.

அண்ணி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாங்க. செவ்வந்தி பால் தொடக்கூடாது, தயிர் தொடக்கூடாது, முட்டை கூடாது, கடலை கூடாது. “நீ திங்குறது அதுக்குப் போவும். தின்னு தின்னு ஏத்தி விடாத.” நான் முட்டை அவிச்சுக் குடுத்தா, அண்ணி வர்ற சத்தம் கேட்டு முந்தானையில மறைக்க வேண்டியிருந்துச்சு. வயித்துப்புள்ளக்காரி முட்டை திங்க திருட்டுத்தனம் பண்ணணுமாம்.

மாசப் பரிசோதனைக்கு ஒருதடவை தஞ்சாவூர் போனப்ப, செவ்வந்தி ஃபிளோரா டாக்டரையும் பாக்கணும்னா. கூட நான்தான் போனேன். உக்காந்ததும், “எதை நான் திங்கக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க”ன்னு கேட்டா.

“உங்களுக்கு ஒத்துக்குற எதையும் விட வேணாம்”னாங்க டாக்டர். “நீங்க விட்டா புள்ளைக்கு அலர்ஜி வராதுங்குறதுக்கு ஆதாரம் இல்ல.” அப்புறம் பொறுமையா சொன்னாங்க. நாம சாப்பிடுற ஒவ்வொண்ணையும் நம்ம உடம்பு அடையாளம் கண்டு வச்சுக்குமாம். அதுக்குத் தகுந்த எதிர்ப்புப் பொருளைத் தயார் பண்ணி வைக்குமாம். ஆன்டிபாடின்னு பேரு. பால், முட்டை, கடலை எல்லாத்துக்கும் உண்டு. அது தாய்ப்பால் வழியா புள்ளைக்கும் போவுமாம். அதுலயும் ஒருவகை, பொறந்த உடனே வர்ற மஞ்சள் பால்லதான் ரொம்ப அதிகமாம். பச்சப்புள்ள குடலு இன்னும் கெட்டிப்படாம இருக்கும்ல, அதுமேல பூசின மாதிரி நின்னுக்கிட்டு, புதுசா வர்ற ஆகாரம் கண்ட மாதிரி உள்ள பாஞ்சுடாம பாத்துக்குமாம்.

செவ்வந்தி யோசிச்சுட்டு, “வாய்க்கா தண்ணி மொத்தமா வயலுக்குள்ள பாயாம மடையில ஆள் நின்னு பாத்து விடுற மாதிரியா?”ன்னா.

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“மூத்தவளுக்கு நாங்க அந்தப் பாலைப் பஞ்சுல ஒத்திக் குப்பையில போட்டோம். மாட்டுப் பாலைக் குடுத்தோம். அதாலதான் வந்துச்சா?”

டாக்டர் சொன்னாங்க: “அதாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பொறந்த உடனே கொஞ்ச நாள் மாட்டுப் பால் குடுத்து, நிறுத்தி, மறுபடி குடுக்கும்போது அலர்ஜி வர்றதை நாங்க பாத்திருக்கோம். அந்த மஞ்சள் பாலை, சீம்பாலைக் குடிச்ச புள்ளைக்கும் அலர்ஜி வந்திருக்கு. இந்த ஆன்டிபாடி அலர்ஜியை எவ்வளவு தூரம் தடுக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. சிலது ஆமாங்குது, சிலது தெரியலங்குது. ஆனா அந்தப் பால் புள்ளைக்கு நல்லதுங்குறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. மொத நாள்லேருந்து உங்க பால் மட்டும் குடுங்க. மிச்சத்தை அப்புறம் சேந்து பாப்போம்.”

தெரியாததைத் தெரியலன்னு சொன்ன டாக்டரை நான் அன்னிக்குதான் பாத்தேன். செவ்வந்திக்கும் அது புடிச்சிருக்கணும். பஸ்ஸுல வரும்போது பொட்டலம் கடலையை எல்லாரும் பாக்க மென்னுக்கிட்டு வந்தா.

பிரசவத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி கொல்லையில ஒரு மாடு கன்னு போட்டுச்சு. இந்தப் பக்கம் மாடு ஈன்றா சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டுக் கிண்டித் தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் குடுத்தனுப்புவோம். இந்தத் தடவை அதையும் அண்ணிதான் கிண்டினாங்க. ஆஸ்பத்திரிக்கு வரும்போது நர்சம்மாக்களுக்குக் குடுக்கலாம்னு ஒரு டப்பா நெறையக் கொண்டாந்துட்டாங்க. அதே பையில ஃபிளாஸ்க், சங்கு, சக்கரத் தண்ணி.

இந்தத் தடவையும் ஆபரேஷன்தான், ஆனா செவ்வந்தி முழிச்சிருந்தா. ஆம்பளைப் புள்ள. அண்ணி உள்ள வந்ததும் பையத் தொறந்து சங்கை எடுத்தாங்க.

“அண்ணி, சங்கை உள்ள வைங்க”ன்னா செவ்வந்தி. எழுந்திரிக்க முடியல, குரல் மட்டும்தான்.

“சேனை வைக்கணும்ல. அத்தை நான் இருக்கேன்ல.”

“மொதல்ல பொறந்தவளுக்கும் நீங்கதான் வச்சீங்க. கொணம் அப்படியே வந்திருக்கு. எதைக் குடுத்தாலும் துப்புறா.”

பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு, அப்சர்ங்குற நாகூர்க்காரரோட சம்சாரம், தையல் வலியோட சிரிச்சுட்டு வயித்தைப் புடிச்சுக்கிச்சு. அண்ணிக்கு மொகம் சுருங்கிருச்சு. “கெட்ட பாலைப் பீச்சிட்டு நல்ல பால் வர்ற வரைக்கும் புள்ளையப் பட்டினி போடச் சொல்றியா?”

“அந்த டப்பாவுல என்ன?”

“சீம்பால். தெரியாத மாதிரி கேக்குற.”

“கன்னுக்கு விடாம கறந்துட்டீங்களா?”

“யாருகிட்ட பேசுற? கன்னு வயிறு முட்டக் குடிச்ச மிச்சம்தான் கறந்தேன். சீம்பால் குடிக்காத கன்னு நிக்குமா?”

செவ்வந்தி அண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தா. அண்ணி டப்பாவப் பாத்தாங்க, புள்ளையப் பாத்தாங்க. மாடு வளக்குற வீட்டுல பொறந்தவங்கதானே. யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. நாங்க எல்லாரும் இத்தனை தலைமுறையா கன்னுக்குட்டிக்குக் குடுத்த மரியாதைய சொந்தப் புள்ளைக்குக் குடுக்கல, அவ்வளவுதான்.

“சேனை நீங்கதான் வைக்கணும், நான் மாட்டேன்னு சொல்லல”ன்னா செவ்வந்தி, இப்ப கொஞ்சம் தணிஞ்ச குரல்ல. “புள்ளையத் தூக்கி நீங்களே என் மாருல வைங்க. எம்புள்ளைக்கு அதுதான் சேனை.”

அண்ணி சங்கைப் பையில போட்டாங்க. கைய ரெண்டு தடவை கழுவினாங்க. புள்ளையத் தூக்கி மாருல வச்சாங்க. வச்சதும் புள்ள கவ்விக்கிச்சு. “என் கொணம்தான், விட மாட்டான் பாரு”ன்னு சொல்லிட்டு, முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டாங்க. ஃபிளாஸ்க்ல இருந்த பாலைக் கடையில குடுத்து நான் டீ போட்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாரும் குடிச்சோம், நர்சம்மா சரின்னதும் செவ்வந்திக்கும் குடுத்தோம்.

புள்ளைக்கு அறிவுச்செல்வன்னு பேரு வச்சாங்க. ஆறு மாசம் முடிஞ்சு, குழைஞ்ச சாதம், பருப்பு எல்லாம் பழகினதும், டாக்டர் ஒரு நாள் காலையில தயிர் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க. அக்காவுக்கு அவ்வளவு மோசமா வந்ததால வீட்டுல வச்சுக் குடுத்துப் பாக்க வேணாம், ஏதாவதுன்னா பாத்துக்க ஆஸ்பத்திரியில எல்லாம் இருக்குன்னாங்க. எந்த மாட்டுத் தயிர்னு கேக்கவே வேணாம். சின்ன எவர்சில்வர் தூக்குல அவளே ஒறை ஊத்தினது.

நாங்க எல்லாரும் போனோம். அண்ணி வழி பூரா பேசல, அதுவே ஒரு அதிசயம். டாக்டர் மொதல்ல உதட்டுல தடவிட்டு உக்காரச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நுனி ஸ்பூன். மறுபடி உக்காரச் சொன்னாங்க. செவ்வந்தி புள்ள மொகத்துலேருந்து கண்ணை எடுக்கல. இனியவன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னான், அவனால இந்தப் பக்கம் திரும்பவே முடியல.

அறிவுமதி எங்கிட்ட வந்து, காதுக்குள்ள, “பெரியம்மா, தம்பிக்கும் மூஞ்சி வீங்குமா?”ன்னு கேட்டுச்சு. அஞ்சு வயசுப் புள்ள கேக்குற கேள்வியா அது? “டாக்டர் இருக்காங்கடி, பயப்படாத”ன்னேன்.

மறுபடி ஒரு ஸ்பூன். இன்னும் கொஞ்சம். புள்ளைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்ல. டாக்டர் கையில இருந்த ஸ்பூனைப் புடுங்கி வாயில வச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. உதடு உதடாவே இருந்துச்சு. கன்னம் கன்னமாவே இருந்துச்சு. மதியம் வரைக்கும் வச்சிருந்து பாத்துட்டு, “இவனுக்கு ஒண்ணும் இல்ல. தினம் கொஞ்சம் குடுங்க, விட்டுடாதீங்க”ன்னாங்க.

“சீம்பால் குடிச்சதாலதானா டாக்டரம்மா?”ன்னு அண்ணி கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை வந்தா ஊர் பூரா சொல்லிக்கலாம்ல.

“ஒரு புள்ளைய வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா”ன்னு டாக்டர் சிரிச்சாங்க. “நல்லது செஞ்சீங்க. அதுவரைக்கும் சொல்லலாம்.”

வாசலுக்கு வந்ததும் இனியவன் பொண்டாட்டிய பாக்காமலே, “பிண்ணாக்கு தீந்துபோச்சுல்ல? இங்கேயே வாங்கிட்டுப் போயிருவமா?”ன்னான். செவ்வந்தி தலைய ஆட்டினா. கடை வரைக்கும் அவன் முன்னால நடந்தான், அவ புள்ளையோட பின்னால நடந்தா. அந்த நடையை நீங்க பாத்திருக்கணும். தஞ்சாவூரையே வெலைக்கு வாங்கின மாதிரி நடந்தா.

அறிவுமதிக்கு இன்னும் பால் ஆகாது. டாக்டர் முன்னாடி வச்சுக் குடுத்துப் பாத்து, பால் சேத்துச் சுட்ட பிஸ்கட்டு இப்ப தாங்குது. போகப் போக சரியாயிடும், நெறையப் புள்ளைங்களுக்கு சரியாயிருக்குன்னு சொல்லியிருக்காங்க. செவ்வந்தி பொலம்பல் நிக்கல, நிக்கவும் வேணாம். அது தாயோட பொலம்பல்.

ஆனா அவ இப்ப ஒரு வேலை செய்யுறா பாருங்க. பால் ஊத்தப் போற வீட்டுல எங்கயாவது பச்சப்புள்ள பொறந்திருந்து, “புள்ளைக்குக் கால் லிட்டர் சேத்து ஊத்து”ன்னு கேட்டா, ஊத்த மாட்டா. “டீக்குன்னா தர்றேன். தாய்ப்பால் இருக்குற புள்ளைக்கு என் மாட்டுப் பால் கெடையாது. தாய்க்கு சோறும் முட்டையும் போடுங்க, அவ குடுப்பா”ன்னு கேனை மூடிருவா. பால் வாங்க வந்தவங்களுக்கே பால் இல்லன்னு சொல்ற பால்காரி வேற எங்க இருக்கா? தாய்ப்பாலே குடுக்க முடியாத நெலமையில இருக்குறவங்களத் திட்ட மாட்டா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவா. எங்க ஊர்ல போன வருஷம் பொறந்த புள்ளைங்க யாருக்கும் சீம்பால் குப்பைக்குப் போகல. பாதிப் பேரை மாருல வச்சது எங்க அண்ணிதான். கூப்புடாத வீட்டுக்கும் போறாங்க.

திருத்துறைப்பூண்டியில வேதாரண்யம் பஸ் ஏறி, வடமடையூர் பாலத்துல எறங்கி, யாரை வேணாலும் பால்கார செவ்வந்தி வீடுன்னு கேளுங்க. காலையில கறவை முடிஞ்சு வந்தப்புறம் போங்க, அதுக்கு முன்ன போனா சாணி அள்ள வச்சிருவா. உங்க வீட்டுல மாசமா இருக்குற பொண்ணு இருந்தா கூட்டிட்டுப் போங்க. அதைவிட முக்கியம், அந்தப் பொண்ணுக்குப் பிரசவம் பாக்கப்போற பொம்பளை யாரோ, அவங்களையும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போங்க. ஒரு தடவை அவளைப் பாத்துட்டு வாங்க.